வரிசையில் நின்றவர்களின் பெயர்

ஏப்ரல் 14 அண்ணல் பிறந்தநாளுக்காக நெரவியில் எங்கள் மாலைப் படிப்பகப் பிள்ளைகள் ஒரு பாட்டைத் தயார் செய்தார்கள். தெருவில் மூத்தவரான ஆயா பாடிய நடவுப் பாட்டு அது. செல்போனில் பதிவு செய்து, கடன் வாங்கிய கீபோர்டில் இசை சேர்த்து, பறை அடியையும் கூட்டினார்கள். ஆயாவுக்குப் போட்டுக் காட்டினோம். முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இந்த வேகத்துல நட்டா நாத்து மிதந்துரும்டா."

அவர் சொன்னது சரி. குனிந்து, நாற்றை விரலால் சேற்றில் ஊன்றி, ஓரடி பின்னால் நகர எடுக்கும் நேரம்தான் அந்தப் பாட்டின் தாளம். வேகத்தைக் குறைத்தோம். கீபோர்டை எடுக்கச் சொல்லவில்லை. "அது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பழைய பாட்டை மிஷினில் போட்டுக் கெடுக்கிறோமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். தென் அமெரிக்காவின் கும்பியா இசையைப் பாருங்கள். கொலம்பியாவின் கரீபியக் கடற்கரையில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் முரசும் பூர்வகுடிகளின் குழலும் கலந்து உருவான இசை அது. 1990களின் இறுதியில் புவெனஸ் ஐரிஸ் சேரி இளைஞர்கள் அதை சிந்தசைசரில் வாசித்தார்கள். பாப்லோ லெஸ்கானோ கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடினார். 'கும்பியா வில்லேரா' என்று பெயர். வில்லேரா என்றால் சேரியைச் சேர்ந்தது. மேட்டுக்குடியினர் முகம் சுளித்தார்கள். பெயரை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

நம்மிடமும் இது நடந்திருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது கானா, பறை, ராப், எலக்ட்ரிக் கிடார் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா அங்கே அரசியல் பேசியது. ஆகவே கருவி மாறுவதில் எங்களுக்குப் பயமில்லை.

பயம் வேறு இடத்தில் வந்தது. பாட்டின் கோப்பில் ஒரு தம்பி 'பாடல்: நாட்டுப்புறம்' என்று அடித்திருந்தான். சமூகவியலில் முதுகலை வரை படித்த எங்களுக்கே அது உறுத்தவில்லை. ஆயாவின் பேத்தி அதை வாசித்துக் காட்டினாள். "நாட்டுப்புறம்னா யாரு?" என்று கேட்டார் ஆயா.

எங்களிடம் பதில் இல்லை. அவர் பெயரைப் போடுகிறோம் என்றோம். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ஒருத்தியா பாடுனேன்? வரிசையில நின்ன அத்தன பேரும்ல பாடுனோம்." விரல்விட்டு எண்ணினார். பதினோரு பெயர்கள். நான்கு பேர்தான் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.

2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அதில் கொண்டுவந்தவர் அறிவு. அந்தப் பாட்டைப் பற்றிப் பேசிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இல்லை. பா.ரஞ்சித் அதைக் கேள்வி கேட்டார். ஊரறிந்த கலைஞருக்கே இதுதான் நிலை என்றால், நெரவி வயலில் நட்ட பெண்களின் பெயர் எங்கே மிஞ்சும்? அவர்கள் உழைத்த நிலத்துக்குப் பட்டா வேறொருவர் பெயரில் இருந்தது. பாட்டையும் 'பாரம்பரியம்' என்று எழுதி ஊருக்குப் பொதுவாக்கிவிட்டால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்?

இப்போது பிள்ளைகள் அந்தப் பதினோரு குடும்பங்களுக்கும் போய்ப் பாட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். சம்மதம் கிடைத்த பிறகே பெயர்களோடு வெளியிடுவோம். அதனால்தான் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. ஒரு வீட்டில், இறந்துபோன தன் அம்மா பாடிய இன்னொரு அடியை மகள் பாடிக் காட்டினார். அதையும் சேர்த்துக்கொண்டோம்.

தோழர்களே, உங்கள் தெருப் பாட்டை ராப் ஆக்குங்கள், சிந்தசைசரில் போடுங்கள். அதற்கு முன் பாடியவரிடம் போய் உட்காருங்கள். அவரோடு வரிசையில் நின்றவர்கள் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.