ஏன் என்று கேட்காத மெஷின்

எங்கள் தெருமுனை இளநீர்க்காரர் இப்போதெல்லாம் வாய் திறப்பதில்லை. அவருக்குப் பதிலாக, தள்ளுவண்டியில் தொங்கும் ஒரு டப்பா பேசுகிறது. "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது!" தெருவின் இரண்டு கோடிக்கும் கேட்கிறது. நான் எத்தனை ரூபாய்க்கு இளநீர் குடித்தேன் என்பது இனி எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சமாசாரம் இல்லை. "என்ன, இன்னிக்கு நூறு ரூபா? ஊர்லேர்ந்து யாராவது வந்திருக்காங்களா?" என்று எதிர்வீட்டு மாமி மாடியிலிருந்து விசாரிக்கிற அளவுக்கு நாடு முன்னேறியிருக்கிறது.

கேலி செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடியேன் பி.காம். வரவை எழுதாமல் பற்றை மட்டும் எழுதினால் எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் கனவில் வந்து காதைத் திருகுவார். எனவே முதலில் வரவு.

சில்லறைத் தொல்லை ஒழிந்தது. அந்தக் காலத்துக் கண்டக்டர் டிக்கெட்டின் முதுகில் '2' என்று கிறுக்கிக் கொடுப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு ரூபாய் பாக்கியை நினைத்தபடியே தாம்பரம் வரை வந்து, இறங்குகிற அவசரத்தில் மறந்து, பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போன பிறகு கையில் டிக்கெட்டோடு நிற்போமே! மளிகைக்கடை அண்ணாச்சி மீதிக்குப் பதில் நீட்டும் மிட்டாய் இன்னொரு கதை. அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்து ஒரு தீப்பெட்டி கேட்டுப் பாருங்கள். அது பணமே இல்லை என்பார். அவர் கையில் இருக்கும்போது செல்லும். நம் கையில் இருக்கும்போது செல்லாது!

2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது நாம் ஏ.டி.எம். வாசலில் நின்ற வரிசை மறக்குமா? யு.பி.ஐ. என்கிற செல்போன் பணம் வந்ததும் அதே வருஷம்தான். 2023 ஆகஸ்ட் மாதம் மட்டும் அதன் மூலம் 1,000 கோடி தடவைக்கு மேல் பணம் கை மாறியது. கை மாறியது என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். எந்தக் கையும் எந்தக் கையையும் தொடவில்லை. கிழிந்த நோட்டு, கள்ள நோட்டு, 'சில்லறையா குடு சாமி' எதுவும் கிடையாது. பூக்கார அம்மாவுக்கு இதனால் லாபம்தான். சந்தேகமே இல்லை.

இனி பற்று.

என் அப்பா ஒரு பொதுத்துறை வங்கியில் கேஷியராக இருந்தவர். 1980-ல் கும்பகோணம் பக்கம் வேலைக்குச் சேர்ந்தார். ஐந்நூறு ரூபாய் எடுக்க வேண்டும் என்றால் அன்றைக்கு என்ன நடக்கும் என்று அவர் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் கவுன்ட்டரில் ஸ்லிப்பைக் கொடுத்தால் ஒரு பித்தளை டோக்கன் கொடுப்பார்கள். ஸ்லிப், லெட்ஜரைத் தேடிப் போகும். கிளார்க் பதிவு செய்வார். ஆபீஸர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் அப்பா, "நாப்பத்தி மூணு!" என்று கூவுவார். நாற்பத்து மூன்று, வெளியே டீ குடிக்கப் போயிருப்பார்.

இந்த வைபவத்துக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது. வங்கி வேலைகளை இயந்திரமயம் ஆக்குவது பற்றி ரங்கராஜன் கமிட்டி 1984-ல் அறிக்கை கொடுத்தது. சங்கங்கள் எதிர்த்தன. அப்பாவும் வாசலில் நின்று, "விட மாட்டோம்" என்று கத்தியிருக்கிறார். 1987-ல் பம்பாயில் நாட்டின் முதல் ஏ.டி.எம். வந்துவிட்டது. சில வருஷம் கழித்து அப்பாவின் கிளைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அதற்கென்று கண்ணாடி அறை கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று போர்டும் வைத்தார்கள்.

"இருபது வருஷம் வேலை பாத்த எனக்கு காத்தாடி. நேத்து வந்த அதுக்கு ஏ.ஸி.!" என்பார் அப்பா.

2000-ம் வருஷக் கடைசியில் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. நாடு முழுக்க ஒரு லட்சம் பேர் அளவுக்கு வெளியே போனார்கள். அப்பாவும் ஒருவர். அப்போது அவருக்கு வயசு 43. "விருப்பம் அவங்களுக்கு, ஓய்வு எனக்கு" என்று சொல்லிவிட்டு டிபன் கேரியரைப் பரண் மேல் ஏற்றினார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். எனக்கு அப்போது பதினோரு வயசு. அந்தச் சட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, அப்பாவின் வேலை எங்கே போயிற்று? மெஷின் எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. மீதிப் பாதி உங்கள் தலையிலும் என் தலையிலும் விழுந்திருக்கிறது. இன்றைக்கு அக்கவுன்ட் நம்பரை இரண்டு தடவை சரிபார்ப்பது யார்? நாம். ஸ்லிப் எழுதுவது, பதிவு செய்வது, பாஸ் பண்ணுவது? நாம், நாம், நாம். அந்தப் பித்தளை டோக்கனுக்குப் பதில் ஓ.டி.பி. என்ற ஒன்று வருகிறது. அதுவும் பாத்ரூமில் இருக்கும்போதுதான் வரும்! லெட்ஜர் கிளார்க், ஆபீஸர், கேஷியர் மூவர் உத்தியோகத்தையும் ஒண்டி ஆளாகப் பார்க்கிறோம். சம்பளம்தான் யாரும் தருவதில்லை. போனஸும் கிடையாது, ஸ்டிரைக்கும் பண்ண முடியாது.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், அப்பாவின் வேலையில் நோட்டு எண்ணுவது ஒரு பாதிதான். இன்னொரு பாதி இருந்தது. அதற்கு லெட்ஜரில் பெயர் கிடையாது.

ஒரு தடவை கைநாட்டுக் கணக்கு வைத்திருந்த ஒரு பாட்டியை ஓர் இளவட்டம் கையைப் பிடித்து அழைத்து வந்தான். அண்ணன் மகனாம். கணக்கில் இருந்த மொத்தத்தையும் எடுக்க வேண்டும் என்றான். பாஸ்புக், போட்டோ, பெருவிரல் ரேகை எல்லாம் சரியாக இருந்தன. ஆபீஸரும் பாஸ் பண்ணிவிட்டார். அப்பா நோட்டுக்கட்டைக் கையில் எடுத்துவிட்டு, சட்டென்று கீழே வைத்தார். "பாட்டி, இன்னிக்கு கேஷ் பத்தாது. நாளைக்கு வாங்க" என்றார். பெட்டி நிறையப் பணம் இருந்தது. வாய் கூசாமல் பொய் சொன்னார்.

மறுநாள் பாட்டி தனியாக வந்தது. பணத்தை எடுக்கவில்லை. கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்பே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதாம்.

"எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"பணம் எண்ணும்போது எல்லாரும் நோட்டைப் பாப்பாங்கடா. அந்தக் கிழவி அவன் மூஞ்சியையே பாத்துகிட்டு இருந்துச்சு."

இந்தப் பொய்யைச் சொல்ல எந்த மெஷினுக்குத் தெரியும்? அதன் கணக்கில் ரேகை சரி, எண் சரி, இருப்பு சரி. அப்புறம் என்ன தடை? கொடுத்துவிடும்.

பழைய கதை பேசுகிறேன் என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். போன வருஷத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. தஞ்சாவூரில் என் அத்தை தனியாக இருக்கிறார். வயசு 74. ஒரு நாள் போனில் வீடியோ கால் வந்தது. திரையில் காக்கிச் சட்டை, பின்னால் ஒரு கொடி. "நாங்க மும்பை போலீஸ். உங்க பேர்ல வந்த பார்சல்ல போதை மருந்து இருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றிருக்கிறான். முருங்கைக்கீரையைத் தவிர வேறு எந்த இலையையும் பார்சலில் அனுப்பியறியாத அத்தை, இரண்டு நாள் சாப்பிடாமல் போனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், எட்டு லட்ச ரூபாய் வைப்பு நிதியை உடைத்து அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பக் கிளம்பினார்.

அத்தையைக் காப்பாற்றியது எது தெரியுமா? செல்போனில் பணம் அனுப்பத் தெரியாதது! நேரே வங்கிக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். பாரத்தை வாங்கிக்கொண்டு அத்தை முகத்தைப் பார்த்திருக்கிறாள். "என்னம்மா இவ்வளவு அவசரம்? பேத்திக்குக் கல்யாணமா?" என்று கேட்டிருக்கிறாள்.

அவ்வளவுதான். அத்தை அங்கேயே உடைந்து அழுதுவிட்டார். எட்டு லட்சம் தப்பித்தது.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் பேசினார். பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணில் சொல்லலாம் என்றும் அறிவித்திருக்கிறார்கள். மெஷினும் தன் பங்குக்குச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை காட்டத்தான் செய்கிறது. பயந்துபோன மனுஷர் எழுத்துக்கூட்டியா படிப்பார்? 'ஓகே'யை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். மெஷின் கட்டாயமாகக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ரகசிய எண் என்ன? 'ஏன்?' என்று அது கேட்பதில்லை. அந்தப் பெண் ரகசிய எண்ணைக் கேட்கவில்லை. 'ஏன்?' என்றுதான் கேட்டாள்.

அதற்காக டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி லெட்ஜரைக் கொண்டு வா என்றா சொல்கிறேன்? ஐயோ, வேண்டாம். நாற்பத்து மூன்றாம் நம்பர் டோக்கனோடு நிற்க எனக்கும் தெம்பில்லை. எண்ணுகிற வேலையை மெஷின் தாராளமாகச் செய்யட்டும். நம்மைவிட நன்றாகவே எண்ணுகிறது. கேள்வி என்னவென்றால், எண்ணுகிற வேலை போனால் ஆளும் போக வேண்டுமா?

அமெரிக்காவில் நடந்ததை ஜேம்ஸ் பெஸ்ஸன் என்ற பொருளாதார அறிஞர் எழுதியிருக்கிறார். அங்கே 1988-க்கும் 2004-க்கும் இடையில், ஏ.டி.எம். புண்ணியத்தில் நகரத்துக் கிளை ஒன்றுக்குத் தேவைப்பட்ட கவுன்ட்டர் ஊழியர் இருபதிலிருந்து பதிமூன்றாகக் குறைந்தார்கள். ஆள் செலவு குறைந்ததால் வங்கிகள் கிளைகளை நாற்பது சதவிகிதத்துக்கு மேல் கூட்டின. மொத்தத்தில் ஊழியர் எண்ணிக்கை குறையவில்லை. நோட்டு எண்ணியவர்கள், வந்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு உதவுகிறவர்களாக மாறினார்கள். பின்னாளில் எல்லாம் செல்போனுக்குள் போன பிறகு அங்கேயும் எண்ணிக்கை சரிய ஆரம்பித்தது. ஆக, மெஷின் வந்தால் ஆள் போயே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அது நாம் எடுக்கிற முடிவு.

என் கோரிக்கை சின்னதுதான். ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும், ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு கவுன்ட்டர், ஒரு நாற்காலி, அதில் ஒரு மனுஷன். நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்கிற மனுஷன். அவர் சம்பளத்தை வீண் செலவு என்று நினைக்கிறவர்கள், என் அத்தையின் எட்டு லட்சத்தை ஒரு தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கட்டும்.

இப்போது அப்பாவுக்கு 68. வருஷா வருஷம் நவம்பர் மாதம் பென்ஷனுக்காக, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். விரலை மெஷினில் வைத்தால் போதும் என்கிறார்கள். போன நவம்பரில் வைத்தார். ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். ஏற்கவில்லை. வாழ்க்கை முழுக்க ஊரார் நோட்டை எண்ணி எண்ணி ரேகை தேய்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், "என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"அஞ்சு தடவை வெச்சேன். மெஷின் என்னை செத்துட்டேன்னு முடிவே பண்ணிடுச்சு. அந்தக் கவுன்ட்டர் பையன் ஓடி வந்து, 'வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல உக்காருங்க சார், தண்ணி குடிங்க'ன்னான். அப்பதான்டா எனக்கே நம்பிக்கை வந்துச்சு!"