திரும்பி வரும் துணிவு

மோட்டார் சைக்கிளில் இமயமலைக்குச் செல்லும் ஆவல் இந்நாளில் மலையூர் இளைஞரையும் பற்றிக்கொண்டுவிட்டது. நெல்லியாளத்தில் எங்கள் இல்லத்திலும் இப்பேச்சு எழுந்தது. எங்கள் மகனும் அவன் தோழர் இருவரும் ஸ்ரீநகரிலிருந்து லடாக் சென்று, மணாலி வழியாக இறங்கிவர விரும்பினர். தடுத்துவிடவே எங்கள் உள்ளம் முதலில் விழைந்தது. எனினும் வளர்ந்த பிள்ளையை அச்சுறுத்தி அடக்குவதினும், அவனுடைய ஆயத்தத்தில் பங்குகொள்வதே நலம் எனத் தெளிந்தோம்.

“நாங்கள் மலையில் பிறந்தவர்கள், எங்களுக்கு என்ன?” என்றனர் பிள்ளைகள். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். லே–மணாலி சாலையிலுள்ள தங்லங் லா கணவாயோ அதனினும் இருமடங்கு உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. தலைவலி, வாந்தி, மயக்கம் எனத் தொடங்கும் நோய் முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். இளமையும் உடல்வலியும் இதற்குக் காப்பல்ல. காலந்தாழ்த்தாமல் கீழே இறங்குவதே தலையாய மருந்து.

ஆதலின் ஏறும் வழியை முதலில் ஆராய்ந்தோம். மணாலி வழியே ஏறுவோர் 4,200 மீட்டருக்கும் மேலான சர்ச்சுவில் இரவு தங்கித் துன்புறுவதுண்டு. ஸ்ரீநகர் வழியே சென்றால் 2,676 மீட்டர் உயரமுள்ள கார்கிலில் ஓரிரவு தங்கி, பின்னர் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள லேயை அடையலாம். லேயில் இரண்டு நாள் முழு ஓய்வு என்று முடிவாயிற்று.

வண்டியோ பழைய புல்லட். 1950களில் எல்லைக் காவலுக்கென நம் இராணுவம் தேர்ந்த வண்டி அது. பின்னர் சென்னைத் திருவொற்றியூரிலேயே உருவாயிற்று. கார்புரேட்டர் உள்ள வண்டி மெல்லிய காற்றில் திணறும். பிளக்கில் கரி படியும். ஆகவே மாற்றுப் பிளக், கிளட்ச் கேபிள், டியூப், காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றைச் சேர்த்தோம். சக்கரத்தைக் கழற்றி டியூபுக்கு ஒட்டுப் போடுவதை மூவரும் எங்கள் முற்றத்தில் கொட்டும் மழையிலேயே பழகினர். தண்டி என்னும் ஊரில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்னும் அறிவிப்புப் பலகை புகழ்பெற்றது. இவர்கள் எதிர்த்திசையில் வருவதால் லேக்கு அருகிலுள்ள காருவிலேயே டேங்கையும் கேனையும் நிரப்ப வேண்டும். பனியுருகிப் பெருகும் ஓடைகளை நீர் குறைந்த காலை வேளையிலேயே கடக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டனர்.

இவை யாவும் எளிதில் முடிந்தன. எஞ்சியது ஒன்றே. தோழருள் ஒருவன், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத் தன்னை வளர்த்த விதவைத் தாயின் ஒரே மகன். ‘என்னால் மற்றவர் பயணம் கெடலாகாது’ என்று எண்ணி நோயை மறைக்கக்கூடிய இயல்பினன். அந்த அம்மையார் ஒருநாள் மாலை எங்கள் இல்லத்திற்கு வந்து, மகனை அருகில் அழைத்து, “தலை வலித்தால் மறைக்காதே, கண்ணு. வாய்விட்டுச் சொல்லிவிடு” என்றார். பின்னர் எங்களை நோக்கி, “அவன் சொல்லாவிட்டால், உங்கள் பிள்ளை முகம் பார்த்துக் கேட்பானா?” என்றார். அவ்வினாவுக்கு எங்கள் மகனே விடை கூற வேண்டியிருந்தது. “கேட்பேன், அம்மா. ஒருவன் இறங்கினால் மூவரும் இறங்குவோம்” என்றான்.

அவ்வாக்கு வெறும் வாக்காய் நிற்றலாகாது. செலுத்திய பணம் வீணாகுமே என்ற எண்ணமும், விடுப்பு முடிகிறதே என்ற பதற்றமும் மனிதரை மேலே தள்ளிவிடும். ஆகவே திட்டத்தில் மூன்று நாள்களை வெறுமையாக விட்டோம். திரும்பி வருவதற்கென்றே மூன்று குடும்பங்களும் சமமாகப் பணம் ஒதுக்கினோம். தம் பங்கை நாங்கள் ஏற்பதற்கு அவ்வம்மையார் இசையவில்லை.

சேரம்பாடி, பந்தலூர்ச் சாலைகளில் யானை நிற்கக் கண்டால் நாம் வண்டியைத் திருப்பிக்கொள்கிறோம். அல்லது அது விலகும்வரை காத்திருக்கிறோம். அதனைக் கோழைத்தனம் என்று நம்மில் எவரும் சொல்வதில்லை. இமயமலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் இவ்வறிவே வேண்டும். புறப்படும் பிள்ளைக்கு உடையும் உணவும் கட்டிக்கொடுக்கும் பெற்றோர், ‘பாதியில் திரும்பினாலும் இவ்வீட்டில் உன்னை எவரும் நகைக்கமாட்டார்’ என்னும் உறுதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதனை எங்கள் மகனிடம் வாய்விட்டே கூறிய பின்னரே, அவன் பயணத்திற்கு இசைவளித்தோம்.