முழங்கையில் ஒரு நரம்பு, கையில் ஆறு மாதம்

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுமே, அந்த நரம்பு எலும்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளத்தில், தோலுக்கு வெகு அருகில் போகிறது. தொழுநோய் சிகிச்சையில் பழகிய பிசியோதெரபிஸ்ட்டும் சுகாதார ஆய்வாளரும் முதலில் விரல் வைப்பது அங்கேதான். நரம்பு தடித்திருக்கிறதா, அமுக்கினால் வலிக்கிறதா என்று விரல் நுனி தேடும்போது அவர்களுடைய கண் நோயாளியின் முகத்தில் இருக்கும். வலி வாய்க்கு வருவதற்குள் முகத்தில் தெரிந்துவிடும்.

உடம்பில் குளிர்ச்சியான இடங்களில்தான் தொழுநோய்க் கிருமி நன்றாகப் பெருகும். தோலும் தோலை ஒட்டி ஓடும் நரம்புகளும் அதற்கு வசதி. முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்கால் ஆகிய இடங்களில் நரம்பு வீங்கினால் முதலில் உணர்ச்சி போகும், பிறகு தசை தளரும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பால்பாயின்ட் பேனாவின் முனையால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் குறித்த இடங்களில் லேசாகத் தொடுவார்கள். எங்கே தொட்டது என்று அவர் விரலால் காட்ட வேண்டும். பிறகு விரல்களுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து, "இறுக்கிப் பிடிங்க, விடாதீங்க" என்று சொல்லி மெதுவாக இழுப்பார்கள். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளங்கையின் சிறு தசைகள் தளர்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

அதற்கடுத்து வருவதுதான் முக்கியமான கேள்வி. "எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?"

நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் பிரெட்னிசோலோன் மாத்திரையை ஆரம்பித்து, பல வாரங்களுக்குப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், போன உணர்ச்சியும் பலமும் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. ஆறு மாதம் தாண்டிவிட்டால் அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. கிருமியைக் கூட்டு மருந்து கொன்றுவிடும். செத்த நரம்பை அது எழுப்பாது. ஆகவே இந்த வேலை முழுக்க நாட்களைக் காப்பாற்றும் வேலை. அந்த நாட்களை விழுங்குவது பெரும்பாலும் பயமும் மன உளைச்சலும்தான். நோயாளி, குடும்பம், சிகிச்சை தருபவர் ஆகிய மூவரிடமும் அவை தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன.

செங்கல்பட்டுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். ஊருக்கு வெளியே திருமணியில் 1924-ல் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அதற்கு முன், தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அங்கே பணிபுரிந்த காலத்தில் கையில் இருந்த பிரதான மருந்து நீரடிமுத்து எண்ணெய் ஊசி. போட்ட இடம் கடுக்கும், பலன் நிச்சயமில்லை. 1940-களின் நடுவில் அவர் டாப்சோன் மருந்தை ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். இன்றைய கூட்டு மருந்தின் மூன்று மருந்துகளில் ஒன்று அந்த டாப்சோன்தான்.

1947-ல் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து ஒரு இளம் அறுவை மருத்துவர் காக்ரேனைப் பார்க்க வந்தார். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் அவர். விரல்கள் மடங்கிக் கோணிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கச் சொன்னார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு உயிர் போகிற வலி. அந்தக் கையில் நல்ல தசைகள் பலவும் அப்படியே இருந்தன. செத்திருந்தவை குறிப்பிட்ட சில நரம்புகள் ஆளும் தசைகள் மட்டும். அப்படியானால் நல்ல தசையின் நாணை எடுத்து மாற்றிப் பொருத்தி விரலை நிமிர்த்தலாமே என்று அவருக்குத் தோன்றியது. மறு வருஷமே வேலூரில் அந்த அறுவை சிகிச்சைகள் தொடங்கின.

விரல் அழுகி உதிர்கிறது என்று ஊர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. உணர்ச்சியில்லாத கை சூடான பாத்திரத்தைத் தூக்குகிறது, உணர்ச்சியில்லாத கால் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்திப் புண்ணாகிறது என்பதை பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். வேலூரில் இரவோடிரவாகச் சிலருடைய விரல் நுனி காணாமல் போனது. காத்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவர்களின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. வலியில்லாததால் யாரும் விழிக்கவில்லை. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள்.

இன்று நோயின் முகம் வேறு. 1982-லிருந்து கூட்டு மருந்து இருக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அடுத்தவருக்குப் பரவுவது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. மனிதர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. இத்தனையும் சொன்ன பிறகும், மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு போகிறவர் அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பையின் அடியில்தான் வைக்கிறார்.

அவர் பயப்படக் காரணம் இருக்கிறது. முதல் நாள் கூட்டு மருந்திலுள்ள ரிஃபாம்பிசின் சாப்பிட்டதும் சிறுநீர் சிவக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று நினைத்து மருந்தை விட்டுவிடுவார். அதிலுள்ள இன்னொரு மருந்தான குளோஃபாசிமின் தோலைக் கறுப்பாக்கும். "என்ன, ஆளே கறுத்துட்டே?" என்று பக்கத்து வீட்டில் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் வெளியே வருவதையே நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. நடுவில் 'ரியாக்‌ஷன்' வேறு வரலாம். தேமல் சிவந்து வீங்கும், காய்ச்சல் அடிக்கும், நரம்பு வலிக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியோடு மோதுவதால் வருவது அது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி அட்டையைத் தூக்கிப் போடுகிறவர்கள் அந்த வாரங்களில்தான் நரம்பை இழக்கிறார்கள். வேறு தொற்று, கர்ப்பம் ஆகியவற்றோடு மன அழுத்தமும் ரியாக்‌ஷனைத் தூண்டக்கூடிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. பயந்து ஒளிவது நோயையும் கிளறிவிடலாம் என்பது இதன் கொடுமை.

குடும்பத்தின் கணக்கு வேறு மாதிரி. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள். வரன் பேசி முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறார்கள். இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. தொழுநோயாளிகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரை சட்டத்தில் இருந்தது. சட்டமே அப்படி நின்ற இடத்தில் ஒரு தாய் மறைப்பதில் என்ன வியப்பு? ஆனால் அவள் மறைக்கும் நாட்களும் அந்த ஆறு மாதத்துக்குள்தான் கழிகின்றன. உடன் வசிப்பவர்களைச் சோதித்து, நோய் இல்லையென்றால் தடுப்புக்காக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு நோயாளி தன் வீட்டாரிடம் வாயைத் திறக்க வேண்டும். அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று அவரோடு உட்கார்ந்து யோசிப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

மூன்றாவதாக, நோயாளியைப் பார்ப்பவர். கட்டுக் கட்டும் அறையில் ஒரே காலில் ஒரே புண்ணைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்கிறவரின் சலிப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நோயாளி தினமும் பாதத்தை இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவி, வெடிப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மெத்தென்ற நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது. எல்லாம் சொல்லி அனுப்புவார். அடுத்த மாதம் புண் திரும்பி வந்து நிற்கும். "சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு" என்ற வார்த்தை அப்போதுதான் வாயில் வருகிறது.

அந்த இடத்தில் நின்று நோயாளியின் ஒரு நாளைக் கேட்டுப் பார்ப்பவருக்கு வேறொன்று தெரியும். தேவனேரி, கொக்கிலமேடு போன்ற மீனவர் கிராமங்களில் வலை இழுக்கிறவர் செருப்போடு எப்படி அலையில் இறங்குவார்? நடுப்பகல் மணலில் வெறுங்காலோடு நடக்கிறார். நைலான் கயிறு உணர்ச்சியற்ற விரலை அறுப்பது அவருக்குத் தெரிவதில்லை. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் உளி பிடிக்கிறவருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உளியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பார். எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைச் சொல்ல வேண்டிய நரம்பு பேசுவதில்லை. உளியின் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கிக் கொடுப்பது, கரையேறியதும் கையையும் காலையும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரைப் பழக்குவது போன்ற சின்ன ஏற்பாடுகள் அப்போதுதான் பிறக்கின்றன. புண் திரும்புவது அலட்சியம் என்ற குற்றச்சாட்டு கரைந்தால் பார்ப்பவரின் சலிப்பிலும் பாதி கரையும்.

மீதிப் பாதிக்குக் காரணம் ஆள் பற்றாக்குறையும் நேரமின்மையும். 2005 டிசம்பரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா எட்டியது. அதன் பிறகு இதற்கென்றே பழகியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற, நரம்பு தொட்டுப் பார்க்கத் தெரிந்த விரல்களும் குறைந்தன. கொரோனா வந்தபோது, உலகில் 2019-ல் 2 லட்சத்துக்கு மேல் கண்டறியப்பட்ட புதிய நோயாளிகள் 2020-ல் சுமார் 1.27 லட்சமாகக் குறைந்தார்கள். நோய் குறையவில்லை, தேடிப் போகிறவர்கள் காய்ச்சல் முகாமில் நின்றிருந்தார்கள். வரிசை நீளும் நாளில் பத்து நிமிட நரம்புச் சோதனைதான் முதலில் கைவிடப்படுகிறது. மாத்திரை கொடுத்தாகிவிட்டது என்று பதிவேடு சொல்லும்; காகிதத் துண்டு வழுக்கியதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. பால் பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, வேலூரில் கற்ற பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன கால்களுக்கும் கொண்டுபோனார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பது, அழுத்தம் பரவும்படி செருப்பு செய்வது, புண் ஆறப் பாதத்தோடு முழுதும் ஒட்டிப் படியும்படி மாவுக்கட்டுப் போடுவது என்று இன்று சர்க்கரை மருத்துவமனைகளில் நடக்கும் பலவும் தொழுநோயாளிகளின் காலில் வளர்ந்த வித்தைகள்.

இப்போது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஆட்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள்; பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார். சர்க்கரைக்காகக் காலை நீட்ட யாரும் கூச்சப்படுவதில்லை. வீட்டில் எல்லோருடைய பாதத்தையும் கையையும் அதே பேனா முனையால் தொட்டு, முழங்கை நரம்பையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டால், தொழுநோய்ச் சந்தேகத்துக்காக ஒருவரை மட்டும் தனியே உட்காரவைக்க வேண்டியிருக்காது. தெருவுக்கும் எதுவும் தெரியாது. உணர்ச்சி குறைந்தவர் யாராயிருந்தாலும் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். காரணம் சர்க்கரையா கிருமியா என்பதை அங்கே மருத்துவர் பிரித்துக்கொள்வார்.