சந்தக்பூ ஏறும் கிழட்டு வண்டிகள்

மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டி இருக்கிறது மானேபஞ்சாங் என்ற சிற்றூர். இங்கிருந்து சுமார் 31 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் சந்தக்பூ. 3,636 மீட்டர் உயரமுள்ள இதுதான் மாநிலத்தின் உச்சி. வானம் தெளிந்திருந்தால் கஞ்சன்ஜங்கா கண்ணெதிரே நிற்கும்.

இந்த மலைக்குப் பயணிகளையும், மேலே உள்ள ஊர்களுக்கு அரிசி, பருப்பையும் ஏற்றிச் சென்று பழகியவை பழைய லேண்ட்ரோவர் வண்டிகள். பல வண்டிகளுக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. தேயிலைத் தோட்டத்துரைமார்களோடு மலையேறி வந்தவை என்பார்கள்.

இந்த வண்டி பிறந்ததே விவசாயத்துக்காகத்தான். ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டிலுள்ள ஆங்கிள்ஸி தீவில் தன் பண்ணை வேலைக்குப் போரில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதைப் பார்த்து உருவானதுதான் லேண்ட்ரோவர். 1948-ல் வெளிவந்தது. பின்பக்கம் திறந்த சுமைத்தொட்டி, வேண்டுமானால் பி.டி.ஓ.வும் மாட்டிக்கொள்ளலாம்.

கல் பரவிய ஏற்றத்தில் அதிகம் அடிவாங்குவது பின் ஆக்சில். அதன் நடுவே உருண்டையாகத் தெரியும் கூட்டுக்குள் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்ற வழிசெய்வது இதன் வேலை. வேகத்துக்கேற்ப ஊளைச் சத்தம் கூடினாலோ, வடித்த ஆயிலில் இரும்புத் துணுக்கு மின்னினாலோ, உள்ளே பல் தேய்கிறது என்று பொருள்.

கழற்றுவது எளிது. ஆயிலை வடித்து, இரு பக்கமும் சக்கர நடுவில் உள்ள ஆறு ஆறு போல்ட்டுகளை எடுத்தால் ஆக்சில் ஷாஃப்ட் வெளியே வந்துவிடும். ப்ரொப்பல்லர் ஷாஃப்டைப் பிரித்து, கூட்டின் முன்பக்க நட்டுகளைக் கழற்றினால் டிஃபரன்ஷியல் கையோடு வரும். கனம் அதிகம், இரண்டு பேர் வேண்டும்.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின்னால் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஆக்சில் ஷாஃப்டை உருவிய நொடியில் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் போய்விடும். சரிவில் நிற்கும் வண்டி, அடியில் ஆள் இருக்கும்போதே உருளும். அதனால் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.

அடுத்தது, எதை மாட்டுவது? பழைய லேண்ட்ரோவர்களில் பெரும்பாலும் கிரவுன் சக்கரத்துக்கு 47 பல், பினியனுக்கு 10 பல். அதாவது சக்கரம் 10 சுற்று சுற்ற, ஷாஃப்ட் 47 சுற்று சுற்றும். 1970-ல் வந்த ரேஞ்ச்ரோவரின் டிஃபரன்ஷியலும் இதே கூட்டில் உட்காரும். ஆனால் அதில் 10-க்கு சுமார் 35 சுற்றுதான். ‘பொருந்துகிறதே’ என்று பின்பக்கம் மட்டும் அதை மாட்டி நான்கு சக்கர இழுவையைப் போட்டால், முன்சக்கரம் ஒரு கணக்கிலும் பின்சக்கரம் வேறு கணக்கிலும் சுற்றப் பார்க்கும். இழுபறியில் ஷாஃப்டோ கியரோ முறியும். ஏற்றத்தின் நடுவில் முறிந்தால் வண்டியில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். கிரவுனும் பினியனும்கூட ஜோடியாகத் தேய்த்துச் சேர்த்தவை. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது.

இதே கணக்குதான் நம் நான்கு சக்கர இழுவை டிராக்டருக்கும். முன் டயரை மட்டும் வேறு அளவில் மாற்றினாலும், ஒரு பக்கம் புதிது மறுபக்கம் மொட்டை என்று ஓட்டினாலும், சுமை ஆக்சிலில்தான் விழும். பழைய பாகம் வாங்கும்போது போல்ட் துளை பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், பல்லையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.