பாராலூப்புக்கு ஏறும் பாதை

இத்தாலிய மலைப்பாதைகளில் நடப்பவனுக்குத் தொலைவு பெரும்பாலும் நேரமாகவே சொல்லப்படுகிறது. கம்பத்தில் அறைந்த பலகையில் ஊரின் பெயர் இருக்கும். பக்கத்தில் அங்கே போய்ச்சேர ஆகும் நேரம். இடையில் வழி தவறாமலிருக்கப் பாறைகளிலும் மரத்தண்டுகளிலும் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பட்டைகள் தீட்டியிருப்பார்கள். தூரினில் வேலை நிமித்தம் வாழ்ந்த இரண்டு ஆண்டுகளில் வார இறுதிகளை இந்தப் பட்டைகளைத் தேடியே கழித்தேன். பலகை ஒரு மணி நேரம் என்றால் எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். யாருடைய கால்களை வைத்து இதைக் கணக்கிட்டார்கள் என்று சலித்துக்கொள்வேன். அந்தக் கேள்வி சலிப்பாக மட்டும் எஞ்சாமல் போனது 2018 அக்டோபரில், ஸ்தூரா பள்ளத்தாக்கில்.

அந்த மாநிலத்தின் பெயரே மலையின் பாதம் என்று பொருள்படுவது. பியமோந்தே. மலைக்கு அடி உண்டு என்று நாம் சொல்வதைப் போலவே அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். அதன் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கூனெயோ நகரம். கூனெயோ என்றால் ஆப்பு. ஸ்தூரா, ஜெஸ்ஸோ என்ற இரு நதிகள் கூடுமிடத்தில் ஆப்புபோலக் கூர்ந்து நிற்கும் மேட்டுநிலம் அது. அங்கிருந்து பார்த்தால் மூன்று புறமும் மலைகள், விரித்த கைவிரல்களின் இடைவெளிகளைப் போலப் பள்ளத்தாக்குகள். அவற்றின் மேற்பகுதிகளில் பேசப்படுவது இத்தாலிய மொழி அல்ல. தென் பிரான்சின் ப்ரொவான்ஸ் மொழிக்கு உறவான ஆக்ஸிதம். 1999-இல் இயற்றப்பட்ட சட்டம் அதைச் சிறுபான்மை மொழியாக அங்கீகரித்தது. அதற்குள் அதைப் பேசியவர்களில் பெரும்பாலோர் மலையிறங்கிப் போய்விட்டார்கள்.

அப்படி இறங்கிப்போனவர்களைப் பற்றித் தன் வாழ்நாளெல்லாம் எழுதியவர் நூத்தோ ரெவெல்லி. 1919-இல் கூனெயோவில் பிறந்தவர். முசோலினியின் ஆட்சியில் வளர்ந்து, அதை நம்பி, மலைப்படையின் அதிகாரியாக ரஷ்யப் போர்முனைக்குச் சென்றவர். 1943 ஜனவரியில் டான் நதிக்கரையிலிருந்து இத்தாலியப் படைகள் பனியில் பின்வாங்கியபோது உயிருடன் திரும்பினார். அவருடைய ஊர்ப்பகுதி ஆட்களால் நிரப்பப்பட்டிருந்த கூனெயென்ஸே படைப்பிரிவு ஏறத்தாழ முற்றாக அழிந்தது. பள்ளத்தாக்குகளின் ஒவ்வொரு சிற்றூரிலும் இன்று தேவாலயத்துக்கருகே இருக்கும் நினைவுக்கல்லில் ரஷ்யாவில் காணாமல்போனவர்களின் பட்டியல் வீடுகளின் எண்ணிக்கைக்குப் பொருந்தாத நீளத்தில் இருப்பதைக் காணலாம்.

போருக்குப் பின் ரெவெல்லி இரும்பு வியாபாரம் செய்தார். ஓய்வு நேரங்களில் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு மலை ஏறினார். எழுதத் தெரியாதவர்களின், எழுத வாய்ப்பில்லாதவர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார். 1977-இல் வெளியான ‘தோற்றவர்களின் உலகம்’ அப்படிப் பிறந்தது. சமவெளி, குன்று, மலை, லாங்கே என்று நிலவாரியாகப் பகுக்கப்பட்ட நூல். நம் திணைப் பகுப்பை நினைத்துக்கொண்டுதான் நான் அதைக் கையிலெடுத்தேன். ஆனால் அதில் குறிஞ்சியின் காதல் இல்லை, பசி இருந்தது. 1985-இல் பெண்களின் குரல்களுக்கு மட்டுமாக ‘வலிய கண்ணி’ வந்தது. தெற்கே கலாப்ரியாவிலிருந்து, தரகர்கள் வழியாக, முன்பின் தெரியாத வடக்கத்தி விவசாயிகளுக்கு மணம்முடித்து அனுப்பப்பட்ட பெண்கள் பேசும் பகுதி அதில் உண்டு. இதில் எனக்கு ஒரு குறை: வட்டார மொழியில் பேசியவர்களின் சொற்களை ரெவெல்லி இத்தாலிய மொழியில்தான் அச்சேற்றினார். படிக்கப்பட வேண்டுமானால் வேறு வழியில்லை என்பது புரிகிறது. ஆயினும் ஒரு கிழவி சொன்னதற்கும் நான் படிப்பதற்கும் நடுவே ஏதோ ஒரு கதவு சாத்தப்பட்டிருக்கிறது என்ற உணர்வு விலகவில்லை.

நான் போக விரும்பியது பாராலூப்புக்கு. ரிட்டானா என்ற சிற்றூருக்கு மேலே, சுமார் 1360 மீட்டர் உயரத்தில் இருக்கும் கல்வீட்டுக் கொத்து. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்து ஜெர்மானியப் படைகள் நாட்டைக் கைப்பற்றியபோது, கூனெயோவிலிருந்து வழக்கறிஞர் தூச்சோ கலிம்பெர்த்தியும் நண்பர்களும் முதலில் மதோன்னா தெல் கொல்லெத்தோவுக்கும், பின்னர் அங்கிருந்து பாராலூப்புக்கும் சென்று எதிர்ப்புப் படையைக் கட்டினார்கள். 1944-இன் தொடக்கத்தில் ரெவெல்லியும் அவர்களுடன் சேர்ந்தார்.

அலுவலகத்தில் என்னுடன் பணியாற்றிய நண்பர் கூனெயோக்காரர். அவருடைய தந்தை பிறந்தது அதே மலைச்சரிவில், பாராலூப்புக்குக் கீழே ஓரிடத்தில். 1962-இல் மலையைவிட்டு இறங்கித் தொழிற்சாலையில் சேர்ந்தவர், பிறகு ஒருமுறைகூட ஏறவில்லை. மகன் பலமுறை அழைத்தும் வரவில்லை. ஒரு இந்தியன் பார்க்க விரும்புகிறான் என்று சொன்னதும் வருகிறேன் என்றாராம். ஒரே நிபந்தனை: மேலே வரை தெருவில் காரோட்டிப் போவதானால் தான் வரவில்லை. அப்போது அவருக்கு வயது 78.

ரிட்டானாவிலிருந்து பாதை கஷ்கொட்டை மரங்களுக்கிடையே ஏறுகிறது. அக்டோபரில் தரை முழுவதும் முள்ளம்பன்றிக் குட்டிகளைப் போலப் பச்சையும் பழுப்புமான முள்ளுறைகள். வெடித்த உறைகளுக்குள் பளபளக்கும் கொட்டைகள். மலைக்காரர்களுக்குக் கோதுமை விளையாத உயரத்தில் இதுவே ரொட்டி. கல்லில் கட்டிய சிறு குடிலில் மூங்கில் தட்டிபோன்ற மரச்சட்டப் பரணின்மேல் கொட்டைகளைப் பரப்பி, அடியில் மூட்டம் போட்டு, வாரக்கணக்கில் புகையிலேயே உலர்த்துவார்கள். பிறகு சாக்கிலிட்டு அடித்து ஓடு நீக்குவார்கள். குளிர்காலம் முழுவதற்கும் அதுதான். பெரியவர் ஒரு குடிலின் சிதைவைக் காட்டி, இரவில் நெருப்பைக் காவல் காத்தது பிள்ளைகள்தான் என்றார். தூங்கினால் தீ எழும், எழுந்தால் ஓராண்டு உணவு போகும்.

2002-இல் சீனாவிலிருந்து வந்த சிறு குளவி ஒன்று இந்த மாவட்டத்தில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மொட்டுகளில் முட்டையிட்டு அவற்றைக் கழலைகளாக்கிவிடும். தூரின் பல்கலைக்கழகத்தார் அதன் இயற்கைப் பகையான இன்னொரு குளவியைக் கொணர்ந்து விட்டார்கள், மரங்கள் பிழைத்தன. இதை நான் படித்துவைத்த பெருமிதத்துடன் சொன்னேன். பெரியவர் கேட்டுவிட்டு, “மரங்கள் பிழைத்தன” என்று மட்டும் திருப்பிச் சொன்னார்.

முக்கால் மணி நேரம் ஏறியபின் பாதையோரம் ஒரு வீடு. கூரை இல்லை. மூன்று சுவர்கள், உச்சியில் பாசி. உள்ளே நடுக்கூடத்திலிருந்து ஒரு மரம் நேராக எழுந்து, கூரை இருந்திருக்க வேண்டிய இடத்தில் கிளை விரித்திருந்தது. இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன, சாய்வெயில் அவற்றின் வழியே கல்லில் விழுந்தது. நான் படம் எடுத்தேன். என் அரைகுறை இத்தாலியத்தில் எவ்வளவு அழகு என்றும் சொன்னேன்.

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வாசற்படியில் நின்று, கையிலிருந்த கோலால் சுட்டிக்காட்டினார். இங்கே பசு. இங்கே அடுப்பு. பனிக்காலத்தில் பசுவின் பக்கம்தான் வெப்பம், ஆகவே அனைவரும் இந்தப் பக்கம். ஏழு பேர். அந்த மரம் என்னவென்று கேட்டேன். அதன் பெயர் எனக்குப் புரியாமல் போக, மகன் விளக்கினார். ஆட்டுக்குக் குளிர்காலத் தீவனமாக அதன் இலையைக் கழித்து உலர்த்தி வைப்பார்களாம். “அம்மா வெளியே வளர்த்தாள். அது தானாக உள்ளே வந்துவிட்டது” என்றார் பெரியவர்.

அவருடைய தந்தை பத்து வயதில் கணவாய் தாண்டிப் பிரான்சின் பார்ஸலொனெத் சந்தைக்கு நடத்திச் செல்லப்பட்டவர். இந்தப் பள்ளத்தாக்குகளின் பிள்ளைகளை ஆடு மேய்க்க ஒரு பருவத்துக்கு அமர்த்திக்கொள்ளும் சந்தை அது. ரெவெல்லியின் நூலில் அதைப் பற்றிய வாக்குமூலங்கள் உண்டு. பெரியவர் தன் முறைக்கு 1949-இல், ஒன்பது வயதில், சமவெளிப் பண்ணைக்குப் போனார். அதற்கு இவர்கள் பயன்படுத்தும் வினைச்சொல் வீட்டையும் நிலத்தையும் வாடகைக்கு விடுவதற்கான அதே சொல். பக்கத்திலுள்ள மாயிரா பள்ளத்தாக்கின் ஆண்கள் பனிக்காலத்தில் உப்பிட்ட நெத்திலி மீனைத் தள்ளுவண்டியில் வைத்துச் சமவெளியெங்கும் விற்றார்கள். எல்வா என்ற ஊரார் வீடு வீடாகச் சென்று பெண்களின் கூந்தலை வாங்கிப் பொய்முடிக்கு அனுப்பினார்கள். அதற்கென இன்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது; ஊரில் நூறு பேர்கூட இல்லை. (நம் கோயில்களில் காணிக்கையாக இறங்கும் முடி ஏலம் போய் இத்தாலிக்கும் ஏற்றுமதியாகிறது என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.)

ஆக, நான் ஓய்வுக்காக நடந்த பாதைகளெல்லாம் இவை. பிள்ளைகள் போன வழி, மீன் போன வழி, முடி போன வழி, துப்பாக்கி போன வழி. 1970-களின் இறுதியில், ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தபோது, இவற்றை இணைத்துத்தான் ‘ஆல்ப்ஸின் பெரும் குறுக்குப்பயணம்’ என்ற நெடும்பாதையை வகுத்தார்கள். நடையர்கள் வந்தால் ஒரு விடுதியாவது, ஒரு கடையாவது எஞ்சும் என்ற எண்ணம். ஜெர்மானியர்கள்தான் அதில் அதிகம் நடக்கிறார்கள். மலைச்சுற்றுலா பொய்யானது என்று கறாராகப் பேசும் நண்பர்கள் எனக்குண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. கால்கள் படாத பாதை நான்கைந்து ஆண்டுகளில் காட்டுக்குள் மறைந்துவிடும். ஆனால் நடப்பவன் தான் எதன்மேல் நடக்கிறோம் என்று அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவன். நான் நூலைப் படித்தும் அதை அறிந்திருக்கவில்லை, இல்லையென்றால் அந்த வாசலில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கமாட்டேன்.

பாராலூப்பை அடைந்தபோது நண்பகல். பெயருக்கு, ஓநாய்களிடமிருந்து காப்பது என்று பொருள் சொல்கிறார்கள். ஓநாய்கள் ஒழிந்து, மனிதர்களும் போய், இப்போது ஓநாய்கள் இந்த மலைகளுக்குத் திரும்பிவிட்டன. ரெவெல்லி 2004-இல் மறைந்தபின், 2006-இல் அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை இந்தச் சிதைவுகளை வாங்கிப் புதுப்பித்தது. புதுப்பித்த முறை எனக்கு நிறைவளித்தது. இடிந்த கற்சுவர்களைப் பூசி மெழுகிப் பழைய வீடுபோல நடிக்கவைக்கவில்லை. சுவர் எந்த இடத்தில் உடைந்து நிற்கிறதோ அப்படியே விட்டு, அதற்குள் கஷ்கொட்டை மரத்தாலான புதிய அறையைப் பொருத்தியிருக்கிறார்கள். முன்பு ரை என்னும் தானியத்தின் வைக்கோல் வேய்ந்த கூரை. இப்போது உலோகத் தகடு. எது போயிற்று, எது புதிதாக வந்தது என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

பெரியவர் கல்லும் மரமும் சேருமிடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “நல்ல வேலை. ஆனால் வைக்கோல் சத்தம் போடாது. மழையில் இது தூங்கவிடாது.”

அங்கிருந்த உணவகத்தில் பொலெந்தா வாங்கினோம். சோள மாவுக் களி. பாலில் வேகவைத்த கஷ்கொட்டையும் இருந்தது. மகன் அதைச் சொல்லப்போனபோது பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார். தன் வாழ்நாளுக்கானதை இருபது வயதுக்குள் தின்றாயிற்று என்றார். விலைப்பட்டியலை நெடுநேரம் படித்தார். பிறகு யாரும் எதிர்பாராதவிதமாகப் பணத்தை அவரே கொடுத்தார்.

இறங்கும்போது வீட்டைக் கடந்தோம். நான் கைப்பேசியை எடுத்து, அந்தப் படத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தார். வாசல் முழுதாக விழவில்லை, இடதுபுறம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று குறை சொன்னார். மறுபடி எடுக்கச் சொன்னார். தான் நிற்க வேண்டுமா என்று மகன் கேட்டதற்கு, யாரும் வேண்டாம், வாசல் மட்டும் என்றார்.

கீழே பலகையருகே நின்று அதில் எழுதியிருந்த நேரத்தைப் படித்துச் சிரித்தார். முதுகில் மூட்டையோடு இதில் பாதி நேரம்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டு, காரில் ஏறும் முன் மேற்சட்டைப் பைகள் இரண்டையும் இருக்கையின்மேல் கவிழ்த்தார். எப்போது பொறுக்கினார் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. ஒரு கிலோவுக்குக் குறையாது.

“எனக்கில்லை” என்றார். “உன் அம்மாவுக்கு.”