கர்ணனும் உன் பாலடினும்

ஒதியம்பட்டு

அன்புள்ள தம்பிக்கு,

போனில் நீ அவசரமாகச் சொல்லி வைத்தது மனசிலேயே கிடக்கிறது. நீ நடத்தும் டி&டி ஆட்டத்தில் ஒரு பையனின் பாலடின் வீரன் மட்டும் நீ எந்த அசுரனை இறக்கினாலும் ரெண்டே சுற்றில் ஸ்மைட் என்ற தெய்வ அடி அடித்து முடித்துவிடுகிறான், மற்ற மூவரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாய். அவன் வாளைத் திருடு போக வைக்கலாமா என்றும் கேட்டாய். வேண்டாம் தம்பி. அது அவன் ஆடிச் சேர்த்தது.

கர்ண மோட்சம் கூத்து விடிய விடியப் பார்த்தவன்தானே நீ? கவச குண்டலம் இருக்கும்வரை கர்ணனை வெல்ல ஆளில்லை. அதை யாரும் பிடுங்கவில்லை. இந்திரன் பிராமணனாக வந்து கேட்கிறான். வரப்போவது யார் என்று சூரியன் முன்பே எச்சரித்தும், கர்ணன் தெரிந்தே அறுத்துக் கொடுக்கிறான். பதிலுக்கு ஒரே ஒரு தடவை எறியக்கூடிய சக்தி ஆயுதத்தை வாங்கிக்கொள்கிறான். அர்ஜுனனுக்கென்று பொத்தி வைத்ததைப் பதினாலாம் நாள் ராத்திரி, கடோத்கசன் கௌரவர் படையைத் துவம்சம் செய்யும்போது, வேறு வழியில்லாமல் அவன்மேல் எறிகிறான். கர்ணன் கடைசிவரை மாவீரன்தான். எதை, எப்போது, யாருக்காகச் செலவழிப்பது என்பதுதான் அவனைப் பிழிகிறது. உன் பாலடினுக்கும் அந்தச் சங்கடத்தைக் கொடு.

ஸ்மைட்டுக்கு ஸ்பெல் ஸ்லாட் என்ற மந்திர இருப்பு செலவாகும், லாங் ரெஸ்ட் என்ற நீண்ட ஓய்வு எடுத்தால்தான் அது திரும்பும். நீ ஒரு நாளைக்கு ஒரு சண்டை வைத்தால் அவன் எல்லாவற்றையும் அதிலேயே கொட்டத்தான் செய்வான். 2014 விதிப்புத்தகம் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மோதல் வரை ஒரு குழு தாங்கும் என்று கணக்குப் போடுகிறது. அத்தனை வேண்டாம், மூன்று வை. அடுத்தது எப்போது வருமென்று தெரியாவிட்டால் அவன் கை தானாக இறுகும்.

அசுரனின் ஹிட் பாயின்டை மட்டும் ஏற்றாதே. மற்ற மூவரின் அடி வெறும் கீறலாகிவிடும். ஒற்றை அசுரனும் வேண்டாம். அவன் ஒரு முறை அடிப்பதற்குள் இவர்கள் நாலு முறை அடித்துவிடுவார்கள். 1987இல் டிராகன் இதழில் ரோஜர் மூர் எழுதிய டக்கரின் கோபோல்டுகளைத் தேடிப் படி. ஆட்டத்திலேயே அற்பமான ஜந்துக்கள் அவை. குறுகலான சுரங்கத்தில் தீ மூட்டி, மறைவிலிருந்து எய்து, பெரிய பெரிய வீரர்களை ஓட ஓட விரட்டின. இடமும் மூளையும்தான் அவற்றின் பலம்.

நம் சங்கராபரணி மாதிரி ஒரு ஆறு வை. வெள்ளம் வந்த ராத்திரி. எதிரிக்குப் பாலடினைப் பற்றித் தெரியும், அவனோடு மோத ஆசையே இல்லை. தானியக் கிடங்குதான் வேண்டும். அதனால் அக்கரையில் குடிசைகளுக்குத் தீ வைத்து அவனை அங்கே இழுக்கிறான். இக்கரையில் கிடங்கைக் காக்க மற்ற மூவர்தான். அவர்களில் ஒருத்தியான மந்திரவாதிப் பெண் அன்றைக்கு என்ன செய்கிறாள் பார்.

இதற்கெல்லாம் முன்னால் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்களுக்கும் இடம் வேண்டும் என்று பேசு. நல்ல பையன் என்கிறாய், புரிந்துகொள்வான்.

ஆற்றின் வரைபடத்தைப் போட்டு அனுப்பு. பாலம் எங்கே வைப்பது என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா