வெஸ்லியின் கல்லூரியில் சலங்கை ஒலி

கனெக்டிகட் நதி ஓரிடத்தில் முழங்கையை மடக்கியது போல் வளைகிறது. அந்த வளைவில் உட்கார்ந்திருக்கிறது மிடில்டவுன். பெயருக்கேற்ற ஊர். நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் ஏறத்தாழ நடுவில், மாநிலத் தலைநகர் ஹார்ட்ஃபோர்டுக்கு 25 கி.மீ. தெற்கே. மக்கள்தொகை 50,000-ஐக்கூடத் தொடவில்லை. ஆற்றுக்கு இணையாக ஓர் அகன்ற கடைவீதி, அதிலிருந்து மேடேறினால் கல்லூரி. அக்கரையில் உள்ள போர்ட்லாண்டின் குவாரிகளில் வெட்டிய செம்பழுப்புக் கல்லில்தான் நியூயார்க்கின் பழைய வீடுகள் பல எழுந்தன. கல்லூரியின் முன்வரிசைக் கட்டடங்களும் அதே கல். பார்த்தால் நூறு வருஷமாக யாரும் சத்தமாகச் சிரித்திராத இடம் போலிருக்கும்.

அந்த வளாகத்துக்குள்தான் ‘தையா தை’ கேட்கிறது. தட்டுக்கழி மரப்பலகையில் விழும் ஓசைக்கு ஜீன்ஸ் அணிந்து வந்து உடைமாற்றிக்கொண்ட இளைஞர்கள் அரைமண்டியில் உட்காருகிறார்கள். சிலருக்கு இது உயிரியல் வகுப்புக்கும் பொருளாதார வகுப்புக்கும் இடைப்பட்ட நேரம்.

வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1831-இல் தொடங்கப்பட்டது. ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியைக் கடந்து போன சென்னைவாசிக்குப் பெயர் புதிதல்ல. மெதடிஸ்ட் சபையைத் தோற்றுவித்த அதே ஜான் வெஸ்லிதான். நாடகமும் நடனமும் அந்தச் சபைக்குப் பாவக் கணக்கில் சேர்ந்தவை. 1872-இல் அமெரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கபல் சபை தன் விதிநூலில் இரண்டையும் பெயர் சொல்லியே விலக்கியது. கல்லூரி 1937-இல் சபையுடனான பிணைப்பை முறித்துக்கொண்டது. இன்று அங்கே நாடகத்துக்கு ஒரு துறை, நடனத்துக்கு ஒரு துறை.

பெயர்தான் பல்கலைக்கழகம். சுமார் 3,000 இளங்கலை மாணவர்கள் மட்டும் உள்ள இது குணத்தில் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ கல்லூரி. இந்தத் தொடர் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு கண்டம். ‘தாராளக் கலைகள்’ என்றால் சிரிப்பு வருகிறது. ‘கலைக் கல்லூரி’ என்றாலோ பொருளே மாறிவிடுகிறது. நம் ஊர் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு உண்டு, பொருளியல் உண்டு, வணிகவியல் உண்டு. பெயர்ப்பலகையில் உள்ள கலை மட்டும் பெரும்பாலும் இருக்காது. லத்தீனில் ‘லீபர்’ என்றால் சுதந்திரமானவன். அடிமையல்லாத ஒருவன் கற்க வேண்டியவை என்று இடைக்கால ஐரோப்பா வகுத்த ஏழு கல்விகளில் இசைக்கு இடமிருந்தது. நடனத்துக்கு இல்லை.

நடனம் அமெரிக்கக் கல்லூரிக்குள் நுழைந்தது உடற்பயிற்சிக் கூடத்தின் வழியாக. பெண்களுக்கான உடற்கல்வி ஆசிரியை மார்கரெட் ஹ்டப்ளர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எடுத்த முயற்சியால் 1926-இல் அங்கே நடனம் பட்டப்படிப்பாயிற்று. 1934-இல் வெர்மாண்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரி கோடை நடனப் பள்ளி தொடங்க, மார்த்தா கிரகாம் அங்கே கற்பித்தார். பெண்கள் படித்த இடங்களில்தான் நடனம் வேர்விட்டது. வெஸ்லியனோ 1872-இல் பெண்களைச் சேர்த்து, 1912-இல் கதவைச் சாத்தி, 1970 வாக்கில்தான் மீண்டும் திறந்தது.

எனவே இங்கே நடனம் வந்த வழி வேறு. அது மிருதங்கத்தின் பின்னால் வந்தது. சென்னையில் டி. ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்ற ராபர்ட் பிரவுன், அறுபதுகளின் தொடக்கத்தில் வெஸ்லியனில் இசை ஆசிரியர். உலகின் எல்லா இசையையும் படிப்பதோடு நிற்காமல் வாசித்தும் பழக வேண்டும், அதையும் அந்தந்த மண்ணின் கலைஞரிடமே பழக வேண்டும் என்பது அவர் கட்சி. ரங்கநாதன் 1963-இல் கல்லூரியின் வருகைதரு கலைஞரானார். ரங்கநாதனைப் போலவே அவருடைய சகோதரர், புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் பின்னர் வந்து 2002-இல் மறையும்வரை மிடில்டவுனோடு பிணைந்திருந்தார். இவர்களின் அக்கா டி. பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி.

பாலா முதன்முதலில் அமெரிக்கா சென்றது 1962-இல். மாசசூசெட்ஸின் ஜேகப்ஸ் பில்லோ விழாவில் ஆடினார், வெஸ்லியனில் கற்பித்தார். இளங்கலை வகுப்புகளில் ஒரு பெண்கூட இல்லாத கல்லூரி அப்போது. அங்கே ஒரு தமிழ்ப் பெண்மணி நாயகி பாவத்தின் நுணுக்கங்களை விளக்கிக்கொண்டிருந்தார் என்பது கல்வி வரலாற்றின் சுவாரசியமான முரண்.

அதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ‘நாட்ச்’ எதிர்ப்பு இயக்கத்தைத் தூக்கிப் பிடித்தவர்களில் கிறிஸ்தவ மிஷனரிகளும் அவர்களிடம் ஆங்கிலம் கற்ற சீர்திருத்தவாதிகளும் முக்கியமானவர்கள். அந்தப் போராட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கையில் வேறு நியாயம் பெற்று 1947-இன் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தில் முடிந்தது. சுரண்டலுக்கு எதிரான அந்தச் சட்டத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் கோயிலிலிருந்து கலை வெளியேறியபோது கலையை வைத்திருந்த பெண்களும் மேடையிலிருந்து வெளியேறினார்கள். மேடையில் ஏறியது வேறு வீட்டுப் பெண்கள். நாலு வயதில் கந்தப்பா பிள்ளையிடம் பயிலத் தொடங்கி, 1925-இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறிய பாலா, அந்தப் பரம்பரையிலிருந்து தலைநிமிர்ந்து ஆடிய மிகச் சிலரில் ஒருவர். சிருங்காரத்தைக் கழித்துவிட்டு நடனத்தைப் ‘புனிதப்படுத்த’ அவசியமில்லை என்று கடைசிவரை வாதாடியவர். சங்கடப்படாமல் அதைக் கேட்டுக்கொண்ட வகுப்பறைகளில் ஒன்று, வெஸ்லி பெயரைத் தாங்கிய கல்லூரியில் கிடைத்தது.

சரி, அந்த வகுப்பறை நடனத்தை என்ன செய்கிறது? கணக்குப் போட்டால் பயமாக இருக்கிறது. ஒரு செமஸ்டர் 13 அல்லது 14 வாரம். வாரத்துக்கு ஒன்றரை மணி வீதம் இரண்டு வகுப்பு என்றால் மொத்தம் 40 மணி நேரம். கந்தப்பா பிள்ளையின் கண்டிப்பில் ஒரு குழந்தை சில வாரங்களில் முடித்துவிடும் நேரம் இது. சில அடவுகள், கைமுத்திரைகள், முயன்றால் ஓர் அலாரிப்பு. அதற்குள் தேர்வு வந்துவிடும், மதிப்பெண் வந்துவிடும். அடுத்த செமஸ்டரில் அதே மாணவர் மேற்கு ஆப்பிரிக்க நடனத்துக்கோ ஜாவா நடனத்துக்கோ போய்விடலாம். குருகுலத்தில் வளர்ந்த எவருக்கும் இது நுனிப்புல் மேய்ச்சலாகத்தான் தெரியும். தெரிவதில் தப்பில்லை, ஆடுவதற்கு இது போதாது.

ஆனால் கல்லூரி ஆடத்தான் கற்றுத்தருகிறது என்று நினைப்பதில் கோளாறு இருக்கிறது. பட்டத்துக்கு 32 கிரெடிட் வேண்டும். கட்டாயப் பாடம் என்று எதுவும் இல்லை. அறிவியல், சமூக அறிவியல், கலை மூன்றிலும் கால் பதிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் உண்டு. நடனத்தை முதன்மைப் பாடமாக எடுப்பவர் பயிற்சியோடு வரலாறும் படிக்கிறார், கடைசி ஆண்டில் சொந்தமாக ஒரு நடனம் அமைக்கிறார், அதைப் பற்றி எழுதுகிறார். இந்தக் கடைசி வேலைதான் நமக்குப் புதிது. நம் பிள்ளைகள் ஏழு வயதில் தொடங்கி பதினைந்தில் அரங்கேற்றம் முடித்து, புகைப்பட ஆல்பத்தோடு சலங்கையைப் பரணில் ஏற்றிவிட்டு பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் போகிறார்கள். ஆடியது என்ன, அதை முன்பு ஆடியவர் யார், அந்தப் பதம் யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று கேட்க எட்டு வருஷத்தில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்பட்டிருக்காது.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கேயே சாட்சி உண்டு. நடனத்துறைப் பேராசிரியர் ஹரி கிருஷ்ணன் 2019-இல் ஒரு நூல் வெளியிட்டார்: ஆரம்பகாலத் தமிழ் சினிமாவும் நவீன பரதநாட்டியமும் எப்படி ஒன்றையொன்று உருவாக்கின என்பது அதன் பொருள். தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடமும், 2022-இல் பத்மஸ்ரீ பெற்ற விராலிமலை முத்துக்கண்ணம்மாளிடமும் கற்றவர் அவர். கோடம்பாக்கத்தைப் பற்றிய இந்த ஆய்வு மிடில்டவுனில் அச்சேற வேண்டியிருந்தது என்பதில் கொஞ்சம் வெட்கமும் கலந்தே இருக்கிறது.

நாடகத்தின் கதை இன்னும் எளிது. வளாகத்தின் பழைய நூலகக் கட்டடம் 1892-இல் படிப்பை முடித்த வகுப்பினர் தந்த பணத்தில் அரங்காயிற்று. அந்த ஆண்டின் பெயரே அதற்கு. அங்கே மேடையேறும் நாடகங்களை மாணவர் அமைப்பே தேர்ந்து, பணம் ஒதுக்கி, விளக்கும் போடுகிறது. இரண்டாமாண்டு படிக்கும்போது லின்-மானுவெல் மிராண்டா எழுதிய ஓர் இசை நாடகம் 2000-இல் இங்கே மூன்றே நாள் நடந்தது. ‘இன் தி ஹைட்ஸ்’ என்ற அதுவே திருத்தி எழுதப்பட்டு 2008-இல் பிராட்வேக்குப் போய் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை வாங்கியது. அதன் பிறகு ‘ஹாமில்டன்’. கல்லூரிகள் பெற்றோருக்குக் காட்ட விரும்பும் உதாரணம். நாடகம் படித்துவிட்டு ஆசிரியராக, வக்கீலாக, ஒன்றுமில்லாமலும் போன மற்றவர்களை எந்த விளம்பர ஏட்டிலும் காண முடியாது.

ஒன்றுமில்லாமல் போவதன் விலையும் அதிகம். ஓராண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே 60,000 டாலருக்கு மேல். வசதியற்றவர்களுக்கு உதவித்தொகை தாராளம்தான். ஆனாலும் விண்ணப்பிப்பவரின் பண வசதியைப் பார்க்காமலேயே அனைவரையும் தேர்ந்தெடுக்கும் கொள்கையை 2012-இல் கல்லூரி தளர்த்தியது, மாணவர்கள் எதிர்த்தார்கள். சுதந்திர மனிதனுக்கான கல்வி என்ற பழைய அர்த்தம் இங்கே சற்று சங்கடமாகத் தலைகாட்டுகிறது.

இந்தியாவிலும் நடனத்துக்குப் பல்கலைக்கழக வாசல் திறக்காமல் இல்லை. சாந்திநிகேதனின் சங்கீத பவனம் உண்டு. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தஞ்சை வழிவந்த குபேர்நாத் தஞ்சோர்கர் பரதம் கற்பித்தார். 19-ஆம் நூற்றாண்டிலேயே தஞ்சாவூர் நடனப் பெண்களை அழைத்துக்கொண்ட அரசவை ஊர் அது. சென்னையில் 1936-இல் பிறந்த கலாக்ஷேத்ரா. எல்லாமே ஆடுபவரை உருவாக்கும் இடங்கள். இயற்பியல் படிக்கும் பையன் ஒரு செமஸ்டர் நாட்டியத்தை எட்டிப் பார்த்துவிட்டு வர வழி பெரும்பாலும் இல்லை. சோனிபட்டின் அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் நிகழ்த்து கலையைத் துணைப்பாடமாக வைத்திருக்கின்றன. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை எல்லோருக்கும் அதைச் சொல்கிறது. சொல்வதற்கும் ஸ்டுடியோவுக்கு மரத்தரை போடுவதற்கும் நடுவில் தூரம் இருக்கிறது.

மிடில்டவுனில் தரை ஐம்பது வருஷத்துக்கு முன்பே போட்டாயிற்று. 1973-இல் கெவின் ரோச், ஜான் டிங்கலூ வடிவமைத்த கலை மையம், சுண்ணாம்புக் கல்லில் அடுக்கிய 11 வெளிறிய கட்டடங்கள். பழைய செம்பழுப்பு வரிசைக்குப் பக்கத்தில் வேறு கிரகத்திலிருந்து வந்தவை போல மரங்களுக்கிடையே நிற்கின்றன. இங்கே மாணவராக வந்து கர்நாடக இசையில் மூழ்கி, 1965-இல் திருவையாறு ஆராதனையில் பாடிய ஜான் ஹிக்கின்ஸ், பின்னாளில் இந்த மையத்தின் இயக்குநராக இருந்தார். பரதநாட்டியத்தின் இசையைப் பற்றித்தான் டாக்டர் பட்ட ஆய்வு செய்தார். பாலா மறைந்த அதே 1984-இன் டிசம்பரில், சாலையில் நடந்துகொண்டிருந்தவரை மோதிவிட்டு நிற்காமல் போயிற்று ஒரு வாகனம். வயது 45. ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்க வந்த டக்ளஸ் நைட், பாலாவின் மகள் லட்சுமியை மணந்தார். அவர் எழுதிய பாலாவின் வாழ்க்கை வரலாற்றை 2010-இல் வெஸ்லியன் பதிப்பகம் வெளியிட்டது.

எழுபதுகளிலிருந்து ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கல்லூரியில் நவராத்திரி விழா. கச்சேரி, நடனம், கடைசியில் ஜாவா கமலான் வாத்தியங்கள் வீற்றிருக்கும் உலக இசை அரங்கில் சரஸ்வதி பூஜை. வாத்தியங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் கொண்டுவந்து அம்மன் முன் வைக்கலாம் என்று அழைப்பிதழ் சொல்கிறது. வெளியே மேப்பிள் மரங்கள் சிவந்து கொட்டும் நேரம். செமஸ்டரில் பாதி முடிந்திருக்கும். நாட்டியத்துக்கு இன்னும் இருபது மணி நேரம் பாக்கி.